கார்புரேட்டர் மேல் விழும் பழி

பழைய புல்லட் கிளம்ப மறுத்தால் முதல் பழி கார்புரேட்டர் மேல்தான். உரிமையாளர் ஸ்குரூ டிரைவரை எடுப்பதும், பக்கத்து டீக்கடையிலிருந்து இருவர் எழுந்து வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும். ஒருவர் ஜெட் அடைப்பு என்பார். மற்றவர் ஏர் ஸ்குரூ என்பார். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்பவர் மூன்றாவதாக வருவார். அவரை யாருக்கும் பிடிக்காது.

ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அந்த வண்டிகளில் பெட்ரோல் முள் கிடையாது. ரிசர்வுக்குத் திருப்பிய டேப்பை மறுபடி மாற்ற மறந்தால் ரிசர்வும் சொல்லாமல் தீரும்.

அடுத்தது டேங்க் மூடி. புல்லட்டில் பம்ப் இல்லை. பெட்ரோல் தன் எடையால்தான் இறங்குகிறது. மூடியின் காற்றுத் துளை அடைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி வரத்து நிற்கும். சிறிது தூரம் ஓடி நின்ற வண்டியின் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று கேட்கும். இதை அறியாமல் கார்புரேட்டரைக் கழற்றினால், சுத்தம் செய்து முடிப்பதற்குள் வெற்றிடம் தானே நிரம்பிவிடும். வண்டியும் கிளம்பும், பெயர் கழற்றியவருக்கு.

பிறகு கார்புரேட்டர் அடியிலுள்ள டிரெயின் ஸ்குரூ. தாராளமாக ஒழுகினால் வரத்து சரி. சொட்டினால் டேப்பின் வலையில் துரு. வருவதில் நீர்த்துளி தெரிந்தால் டேங்கைக் கழுவ வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் நீரை எளிதில் இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் அது விட்டுவைப்பதில்லை.

இனி பிளக். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி: ஏர் ஃபில்டர் அடைப்போ, முழுதும் திறக்காத சோக்கோ, மூடாத ஃப்ளோட் ஊசியோ காரணம். வெளுத்திருந்தால் காற்று மிகுதி. பெரும்பாலும் ஜெட் அடைப்பு, அல்லது இன்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே கசிவு. ஊசியில் தூசி சிக்கி ஓவர்ஃப்ளோ ஆனால் ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் கார்புரேட்டரை மெல்லத் தட்டினாலே சில வேளை நிற்கும். மெக்கானிக்கல் சிகிச்சையில் அடித்துத் திருத்துவதற்கு இடம் உண்டு என்பதற்கு இதுவே ஆதாரம்.

ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரையும் எட்டாது, பித்தளையோ மென்மையானது. ஸ்டவ் பின்னைக் கொண்டு குத்தினால் அடைப்பு போகும், அளவும் போகும். பிறகு பெட்ரோல் பங்க் முதலாளி மட்டுமே மகிழ்வார். காற்றால் ஊதுவதே முறை.

இத்தனையும் சரியென்றால் கார்புரேட்டர் நிரபராதி. பிளாட்டினம் பாயின்ட்டையும் கண்டன்சரையும் பார்க்க வேண்டும். டியூனிங் கடைசி வேலை, அதுவும் இன்ஜின் சூடான பின். ‘டப்... டப்...’ என்று எண்ணி எண்ணி அடிக்கும்படி ஐடிலிங்கைக் குறைப்பது பலருக்குப் பெருமை. அந்தப் பெருமைக்கு, ஹெட்லைட் எரியும்போது அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து நிற்கும்.