பெரியப்பா வீட்டில் காபிக்குப் பில்

கேள்வி: அப்பச்சிக்கு எண்பது வயது. செட்டிநாட்டில் சொந்தக்காரர்கள் இருந்த வீடுகளையெல்லாம் ஒருமுறை பார்க்க வேண்டுமாம். பாதி வீடு கைமாறிவிட்டது. அழைத்துப் போகலாமா?
- வாசகி, சென்னை

பதில்: தாராளமாக. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு வீடு போதும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும் வீடுகள் அவை. முகப்பில் நுழைந்து வளவைத் தாண்டி அடுப்படி போய்ச் சேர்வதற்குள் அப்பச்சி மூன்று கல்யாணமும் ஒரு பங்காளிச் சண்டையும் சொல்லி முடித்திருப்பார்.

வீடுகள் கைமாறியதற்குக் காரணம் உண்டு. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. அங்கே இந்த வீட்டுக்காரர்கள் வட்டிக்கு விட்ட பணம் முடங்கியது. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பங்காளிகள் அத்தனை பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது அதைவிடப் பெரிய போர். அதனால் சில வீடுகள் ஹோட்டலாகிவிட்டன. பெரியப்பா வீட்டுக் காபிக்கு இப்போது பில் வரும்; அதை அப்பச்சி கண்ணில் காட்டாதீர்கள். பிரித்து விற்ற வீடுகளின் தேக்குத் தூண்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பார்க்கலாம். "இது நம்ம வீட்டுத் தூணாச்சே!" என்று அவர் கடைக்காரர் காதில் விழச் சொன்னால் விலை ஏறிவிடும்.

பூட்டிய வீடென்றால் சாவி எந்தப் பங்காளியிடம் என்று முன்பே விசாரியுங்கள். குடியிருக்கும் வீடென்றால் வாசலில் நின்று அனுமதி கேளுங்கள். அப்பச்சி கேட்காமலே நுழைந்துவிடுவார், நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்.