குவாதலூப்புக்கு நாலு டிக்கெட்

விடுமுறைக்கு எங்கே போவது என்று சென்னைக்காரர்கள் தலையைச் சொறிவதில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈ.சி.ஆரில் வண்டியை விட்டால் ராத்திரி சாப்பாட்டுக்குப் புதுச்சேரி. பெங்களூர்க்காரர்களுக்கும் அதே ஊர்தான், என்ன, கொஞ்சம் கூடுதலாக ஓட்ட வேண்டும். ஆனால் புதுச்சேரியிலேயே பிறந்து, முத்தியால்பேட்டையில் குடியிருந்து, வீட்டு வரி கட்டுகிறவன் எங்கே போவான்? சனி, ஞாயிறுகளில் எங்கள் ஊர் எங்களுக்கு இல்லை. மஞ்சள் சுவர் எங்கே தெரிந்தாலும் அதன் முன்னால் ஒரு பெண் கைகளை விரித்து நிற்கிறாள். எதிரே ஒருவன் ரோட்டில் மண்டி போட்டுப் படமெடுக்கிறான். நடுவில் பெரிய மார்க்கெட் பையோடு நான். இந்தியா முழுக்க எத்தனை பேருடைய இன்ஸ்டாகிராமில் என் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கிறதோ!

இப்படிப்பட்ட வீட்டுக்குள் கரீபியன் கடலைக் கொண்டுவந்து விட்டவர் பிரான்சு சித்தி. சித்தப்பாவின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அவர் எழுதிக் கொடுத்தார். என் தாத்தா கொடுக்கவில்லை. அந்த ஆறு மாதமும் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற விசாரணை எங்கள் குடும்பக் கல்யாணங்களில் இன்றுவரை நடக்கிறது. "அறுப்பு நேரம்" என்பது பாட்டி தரப்பு வாதம்.

சித்தி வருஷா வருஷம் ஜூலையில் வருவார். வந்ததும் "அப்பா, என்னா வெயில்!" என்பார்; இதே ஊரில் இருபது வருஷம் வளர்ந்தவர். இந்த முறை பெட்டியிலிருந்து சாக்லேட்டுக்குப் பதில் ஒரு ரம் பாட்டிலும் ஒரு மசாலாப் பொட்டலமும் எடுத்தார். "குவாதலூப் போயிருந்தோம். பிரான்சுக்குள்ளதானே, பாஸ்போர்ட்கூட வேணாம். ஐடி கார்டைக் காட்டினா போதும்" என்றார், ஏதோ வில்லியனூர் போய்விட்டு வந்தவர் போல. பாரிஸிலிருந்து அந்த வில்லியனூருக்கு விமானத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல்.

மனைவி என்னைப் பார்த்தாள். கல்லூரியில் பிரெஞ்சு படிக்கும் மகள் அதற்குள் போனில் வரைபடத்தைத் திறந்துவிட்டாள். இரண்டு பெரிய தீவுகள் ஒட்டிக்கொண்டு, சிறகு விரித்த பட்டாம்பூச்சியாகக் கிடக்கின்றன. மேற்குச் சிறகு பாஸ்-தேர், மலையும் காடும். கிழக்குச் சிறகு கிராந்-தேர், சமதரையும் கரும்பும் வெள்ளை மணலும். சுற்றிலும் மரி-கலாந்த், லா தெசிராத், லெ சேந்த் என்று குட்டித் தீவுகள். 1493-இல் கொலம்பஸ் இந்தியாவைத் தேடிக்கொண்டு இரண்டாம் தடவையாகக் கிளம்பி இங்கே வந்து இறங்கினார். பாவம், அவரும் எங்களைத் தேடித்தான் அங்கே போயிருக்கிறார்.

நேரு வீதிப் பக்கம் ஒரு டிராவல்ஸ்காரரிடம் விசாரித்தேன். "குவாட்டமாலாவா சார்?" என்றார். தீவு என்றேன். "தீவுன்னா மாலத்தீவு போங்க சார், அதே தண்ணிதான். விசாவும் அங்க போய் எறங்கினதும் குடுத்துடுவான்." விடாப்பிடியாக நின்றதும் கணினியைத் தட்டினார். சென்னையிலிருந்து பாரிஸ், அங்கே பெட்டி படுக்கையோடு ஓர்லி என்கிற இன்னொரு விமான நிலையத்துக்கு மாற வேண்டும், பிறகு அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும். நாலு பேருக்கு ஒரு தொகை சொன்னார். அதில் லாஸ்பேட்டையில் கார் ஷெட் கட்டலாம்.

அன்று ராத்திரி குடும்பம் கூடி, அங்கே என்னென்ன இருக்கிறது என்று மகள் ஒவ்வொன்றாகப் படித்தாள். கடல் என்றாள். இங்கேயும் உண்டு. தென்னை மரம். உண்டு. பிரெஞ்சில் தெருப் பெயர். ரூ துமா, ரூ சுஃப்ரேன், வேண்டிய மட்டும் உண்டு. காலையில் நீட்டு ரொட்டி. மிஷன் வீதியிலேயே கிடைக்கிறது. சிவப்புத் தொப்பிப் போலீஸ் அங்கே உண்டா தெரியாது, இங்கே உண்டு. கரும்புச் சாற்றில் நேரடியாக வடிக்கும் ரம் என்றபோது மச்சான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மரி-கலாந்தில் அது 59 சதவீதமாம். சாராயத்துக்காக எல்லை தாண்டி எங்கள் ஊருக்கு வருகிறவர்கள்தான் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள், நாங்கள் எல்லை தாண்டுவதா என்று அவருடைய சந்தேகத்தை அவரே தீர்த்துக்கொண்டார்.

"அப்ப இத்தினி லட்சம் செலவு பண்ணி நம்ம ஊரையே பாக்கப் போறமா?" என்றாள் மனைவி.

மாமியாருக்கு வேறு கவலை. பேத்தி அவருக்கு பிபிசி தொடர் ஒன்றைப் போட்டுக் காட்டியிருந்தாள். 'டெத் இன் பாரடைஸ்'. கதையில் ஊருக்கு வேறு பெயர் இருந்தாலும் 2011-இலிருந்து எடுப்பதெல்லாம் குவாதலூப்பில்தான். நீலக் கடல், பச்சை மலை, வாரம் ஒரு பிணம். "மாப்ள, வாரத்துக்கு ஒரு கொல விழுற ஊருக்கு இன்னாத்துக்குப் போவணும்?" என்று கேட்டார். போதாக்குறைக்கு அங்கே ஓர் எரிமலை இருக்கிறது. சூஃப்ரியேர், 1,467 மீட்டர். 1976-இல் அது புகைய ஆரம்பித்ததும் எழுபதாயிரம் பேருக்கு மேல் ஊரைக் காலி செய்துகொண்டு போய் மாதக்கணக்கில் அகதியாக இருந்தார்கள். பெரிதாக வெடிக்கவே இல்லை. "வெடிக்கலன்னா இன்னும் பாக்கி வச்சிருக்குன்னு அர்த்தம்" என்றார் மாமியார். எரிமலை ஆராய்ச்சிக்காரர்களும் இதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள்.

அவரை மடக்கியது சித்தியின் போனில் இருந்த ஒரு படம். கோபுரம், வண்ணச் சுதைகள். சிதம்பரம் பக்கத்துக் கிராமக் கோயில் என்றே நினைத்தோம். கப்பெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊரில் ஷான்ஜி கோயிலாம். உள்ளே மாரியம்மன்; அந்த ஊர் நாக்கில் 'மாலியெமென்'. பக்கத்திலேயே மதுரை வீரனும் உண்டு. கெடா வெட்டும் உண்டு. தமிழ் பேசத் தெரியாதவர்கள் தாத்தாவிடம் கேட்டு மனப்பாடம் செய்த தமிழ்ப் பாட்டைப் பாடிக் கும்பிடுகிறார்கள். மசாலாப் பொட்டலத்தின் மேல் 'கொலம்போ' என்று எழுதியிருந்தது. மாமியார் முகர்ந்து பார்த்து, "மல்லி, மஞ்ச, கடுகு, வெந்தயம். மொளகா பத்தாது" என்று தீர்ப்புச் சொன்னார். அங்கே ஆட்டுக்கறியும் கோழியும் இந்தப் பொடி போட்டுத்தான் கொதிக்கிறது. தீவின் பெண்கள் விசேஷத்துக்குக் கட்டும் கட்டம் போட்ட துணிக்குப் பெயரே 'மதராஸ்'.

சித்தி எடுத்துவந்த இன்னொரு படம் கடைப் பலகைகள். ராமசாமி, முத்துசாமி, வீரப்பன் எல்லாம் பிரெஞ்சு எழுத்தில் கொஞ்சம் நசுங்கி நிற்கிறார்கள். எர்னெஸ்ட் முத்துசாமி என்பவர் 1981-இலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் குவாதலூப்பின் சார்பில் பாரிஸ் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார்.

இவர்கள் யாரும் விடுமுறைக்குப் போனவர்கள் அல்ல. 1848-இல் பிரான்சு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்ததும், விடுதலையான கறுப்பின மக்கள் பலர் கரும்புத் தோட்டம் பக்கமே தலை வைக்க மறுத்தார்கள். முதலாளிகளுக்குக் கை வேண்டும். ஆள் பிடிக்கப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் மேஸ்திரிகள் கிளம்பினார்கள். 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் 'ஒரேலி' என்ற கப்பல் முந்நூற்றுச் சொச்சம் பேரைப் புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தில் இறக்கியது. சூயஸ் கால்வாய் வெட்டாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பயணம். அதற்கடுத்த 35 ஆண்டுகளில் சுமார் 42,000 இந்தியர்கள் அந்த ஒரு காலனிக்கு மட்டும் போனார்கள். வேலை ஒப்பந்தம் ஐந்து வருஷம்.

விசாவுக்கு வேண்டிய காகிதங்களின் பட்டியலை அச்சடித்து வைத்துக்கொண்டு இதையெல்லாம் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. வங்கிக் கணக்கு, வருமான வரி, ஆபீஸில் லீவு கடிதம், மருத்துவக் காப்பீடு, ஹோட்டல் ரசீது, திரும்பி வர டிக்கெட். போனவன் திரும்பி வருவான் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்கிறார்கள். அன்றைக்கு எங்கள் கரையில் ஒருவனிடமும் வங்கிக் கணக்கு கேட்கவில்லை. கையில் காசில்லாதவன்தான் அவர்களுக்கு வேண்டும். கப்பல் கூலியை அவர்களே கட்டினார்கள். ஐந்து வருஷம் முடிந்தால் இலவசமாகத் திருப்பி அனுப்புவோம் என்று காகிதத்தில் எழுதியும் கொடுத்தார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஏராளமானவர்கள் நோயிலும் கரும்புக் காட்டிலும் செத்துப்போனார்கள். திரும்பாமல் போவதில் முதல் உத்தரவாதம் யார் தரவேண்டியிருந்தது என்று விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் எழுத இடம் விட்டிருக்கிறார்களா என்று தேடினேன். தேதியும் கையெழுத்தும் மட்டும்தான்.

தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளுக்கும் உடனே வாழ்வு வந்துவிடவில்லை. அங்கேயே பிறந்தவர்களைக்கூட அன்னியர் என்று சொல்லி ஓட்டுப் போட விடவில்லை. கப்பெஸ்தேரில் பிறந்த ஹென்றி சிதம்பரோம் 1904-இல் வழக்கில் இறங்கினார். பிரெஞ்சுக் குடியுரிமை என்ற முடிவு வந்தது 1923-இல். ஒருவர் கிட்டத்தட்ட இருபது வருஷம் கோர்ட் படியேறி வாங்கியதை, இன்னொருவர் ஆறு மாதம் நெல் அறுத்துக்கொண்டிருந்து விட்டிருக்கிறார். அடுத்த கல்யாணத்தில் இதை எடுக்க வேண்டாம் என்று மனைவி சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

மாமியார் தலைகீழாக மாறிவிட்டார். போனால் மாரியம்மனுக்காகப் போவது, கடலுக்காக இல்லை என்றார். அப்படியானால் ஆடி மாதம். மகள் காலண்டரைப் பார்த்துச் சொன்னாள்: அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம், 2017 செப்டம்பரில் 'மரியா' வீசிய வீச்சில் தென்புறத் தீவுகள் ஒரு வழியானவை. மேலும் ஆடியில் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேரை விட்டுவிட்டு மாமியார் பரலோகத்துக்கே வரமாட்டார். பிரெஞ்சுக் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. நவம்பருக்கு மேல் அங்கே வானம் வெளுக்கும். இங்கே நம் புயல்கள் முறை போட்டு வரும். 2011-இல் 'தானே' வந்தது டிசம்பர் 30. 2024 நவம்பர் கடைசியில் 'ஃபெஞ்சல்' ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது சோபா தெருமுனையில் இருக்கும். ஜனவரி என்றால் டிக்கெட் விலை உச்சத்தில். பிப்ரவரி, மார்ச் மகன் பிளஸ் டூ. மிச்சம் இருப்பது ஏப்ரல் கடைசி. அப்போது நூறு ரூபாயைத் தொட்டுவிட்ட யூரோ எங்கே நிற்கும் என்று டிராவல்ஸ்காரருக்கே தெரியாது.

ஆகவே இந்த வருஷம் நாங்கள் போகவில்லை. நீங்கள் போவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: குவாதலூப் பிரான்சுதான், ஆனால் ஷெங்கன் வட்டத்துக்குள் வராது, விண்ணப்பத்தில் அந்தத் தீவின் பெயரைத் தனியாகக் குறிப்பிட்டு, அங்கே செல்லுபடியாகும் விசாவா என்று கேட்டு வாங்குங்கள். புவாந்த்-ஆ-பித்ரில் பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-இல் திறந்த அடிமை முறை நினைவகம் இருக்கிறது, அரை நாள் ஒதுக்குங்கள். கப்பெஸ்தேர் கோயிலுக்குப் போனால் எங்கள் மாமியார் பெயரில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வாருங்கள். உத்திரட்டாதி நட்சத்திரம், மீன ராசி. தட்சிணையை இங்கே வந்ததும் கொடுத்துவிடுகிறோம், ரூபாயில்.