அலைவரிசையில் ஆள் இருக்கிறாரா?

எண்பதுகளில் எங்கள் தெருவுக்கு வழி கேட்டு வருகிறவர்களுக்கு எங்கள் மொட்டை மாடிதான் அடையாளம். தண்ணீர்த் தொட்டி மேல் நட்ட மூங்கிலிலிருந்து பின்தோப்புத் தென்னை வரை ஒரு செம்புக் கம்பி ஓடும். அதன் கீழே இருந்த சின்ன அறைதான் என் ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) நிலையம். ரிச்சி தெருவில் அலைந்து வாங்கிய உதிரிகளால் கட்டிய வால்வு செட், ஒரு மோர்ஸ் கீ, லாக் புக், சுவரில் பெரிய கடிகாரம். வால்வு சூடேறும்வரை பொறுத்திருந்துதான் பேச ஆரம்பிக்க வேண்டும்.

அன்று உரிமம் சும்மா வந்துவிடாது. மத்திய அரசு நடத்தும் தேர்வில் மின்னியலும் விதிமுறைகளும் எழுத வேண்டும். மோர்ஸ் ஒலியைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்கிக் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் 'விக்டர் யூனிஃபார்ம்' (VU) என்று தொடங்கும் கால்சைன், அதாவது அழைப்புக்குறி, கிடைக்கும். எனக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்த சார் ரயில்வேயில் தந்தி அடித்து ஓய்வு பெற்றவர். கண்டிப்பானவர். "காதுல விழுந்ததை எழுது தம்பி. மனசுல தோணினதை எழுதாதே" என்பார். அவரிடம் நான் கற்ற பாடங்களிலேயே பெரியது இதுதான்.

மோர்ஸுக்குப் பிறகு செய்தி எழுதப் பழக்கினார். ஒரு தாளில் மேலே வரிசை எண். அடுத்து அவசரமா, சாதாரணமா என்ற குறிப்பு. பிறகு எந்த நிலையத்திலிருந்து கிளம்பியது, மொத்தம் எத்தனை சொல், எந்த ஊர், எத்தனை மணி. அதற்குக் கீழேதான் செய்தி. கடைசியில் அனுப்பியவர் பெயரும் பொறுப்பும். வாங்குகிறவர் எழுதி முடித்ததும் சொற்களை எண்ணிப் பார்க்க வேண்டும். தாளில் பதினான்கு என்று இருந்து கையில் பதின்மூன்றுதான் வந்திருந்தால் "மறுபடி சொல்லுங்க" என்று கேட்டே தீர வேண்டும். எண்களை ஒவ்வொன்றாகத்தான் உச்சரிக்க வேண்டும். இரைச்சலில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றாகத்தான் கேட்கும். ஐம்பது பேருக்கு மருந்து கேட்ட முகாமுக்குப் பதினைந்து பேருக்கானது போய்ச் சேர்ந்தால் மீதிப் பேரின் கதி என்ன? ஊர்ப் பெயரையும் அப்படியே விடக் கூடாது. கீச்சாங்குப்பம் என்றால் அதன் ஆங்கில எழுத்துகளைக் கிலோ, எக்கோ, எக்கோ, சார்லி, ஹோட்டல் என்று கடைசி எழுத்துவரை சொல்லி முடிக்க வேண்டும்.

அப்போது எங்களுக்கு ஹாம் ரேடியோ பொழுதுபோக்கு. தூர தேசத்து நிலையம் பிடிபட்டால் அன்று வீட்டில் திருவிழா. ஆனால் சார் மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, லாரி பாட்டரியில் ஓடும் சின்ன செட்டை வைத்து இந்தச் செய்திப் பயிற்சியை நடத்துவார். எதற்காக என்பதைப் பின்னாளில் நாட்டில் நடந்தவை எங்களுக்குக் காட்டின. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைச் சூப்பர் புயல் தாக்கியபோதும், 2001 ஜனவரி 26 அன்று கட்ச் நிலநடுக்கத்தில் பூஜ் நகரம் சரிந்தபோதும், தொலைபேசி செத்துப்போன இடங்களுக்கு ஹாம்கள் செட்டும் பாட்டரியும் கம்பிச் சுருளுமாகப் போய் இறங்கினார்கள்.

2004 டிசம்பரில் நடந்தது எங்கள் வட்டாரத்தில் இன்றும் தலைமுறை தாண்டிப் பேசப்படுகிறது. ஹாம்களுக்கு அந்தமான் பல வருடங்களாகக் கிடைக்காத அரிய இடம். பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அனுமதி வாங்கிப் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தது. உலகெங்கும் இருந்த ஹாம்கள் அந்தத் தொடர்புக்காக வரிசை கட்டிக் காத்திருந்தார்கள். 26ஆம் தேதி காலை 6.29 மணிக்குப் பூமி அதிர்ந்தது. பிறகு சுனாமி அலை வந்தது. தீவுகளோடு உறவுகள் தொடர்பு கொள்ள முடியாமல் தவித்த நேரத்தில் அந்தக் குழு பொழுதுபோக்கை அப்படியே நிறுத்தியது. அதே செட், அதே கம்பி. உயிரோடு இருக்கிறார்களா என்ற கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் அதில் போய் வந்தன. இலங்கையிலும் அந்நாட்டு ஹாம்கள் அம்பாந்தோட்டைப் பக்கமிருந்து கொழும்புக்குப் பாலம் போட்டார்கள். விளையாட்டுக்காக நாள்தோறும் பழகிய கைகள்தான் அன்று ஊருக்கு உதவின.

இன்றைக்கு வருகிறேன். நாட்டில் நூறு கோடிக்கும் மேல் கைபேசி இணைப்புகள். ஹாம் உரிமத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கீழ்நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேவையில்லை. உள்ளங்கையில் அடங்கும் செட் மலிவாகக் கிடைக்கிறது. ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் செட்டை உலகம் முழுக்கப் பலர் வீட்டிலேயே கட்டிப் பேசுகிறார்கள். அன்று நாங்கள் கனவு கண்டதெல்லாம் கையில் இருக்கிறது. இருந்தும் ஒரு பெருமழைக்கு நகரமே ஊமையாகிறது.

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. மின்சாரம் போனது. கைபேசி கோபுரங்கள் சில மணி நேரம் பாட்டரியில் ஓடின. பிறகு டீசலைக் கொண்டுபோய் ஊற்ற வழியில்லாமல் ஒவ்வொன்றாக அணைந்தன. நான் உதவிக்குப் போயிருந்த நிவாரண அறையில், இணைப்பு வரும் கொஞ்ச நேரத்துக்குள் கைபேசிகளில் செய்திகள் குவியும். 'வயதான தம்பதி, முதல் மாடி, தண்ணீர் ஏறுகிறது, உடனே படகு தேவை.' முகவரி இருக்கும். தேதியும் நேரமும் இருக்காது. யார் முதலில் அனுப்பியது என்று தெரியாது. படகு எடுத்துக்கொண்டு போனால் வீடு பூட்டியிருக்கும். முந்தின நாளே பத்திரமாக அழைத்துப் போய்விட்டார்களாம். அதே நேரத்தில் வேறொரு மாடியில் உண்மையாகவே ஆட்கள் காத்திருப்பார்கள்.

அந்த அறையில் கல்லூரி மாணவிகள் சிலர் இதற்கு முடிவு கட்டினார்கள். வந்த ஒவ்வொரு செய்திக்கும் எண் போட்டார்கள். தொடர்பு கிடைத்தபோதெல்லாம் கூப்பிட்டு விசாரித்து, 'சரிபார்த்தது, மாலை 4.10' என்று பக்கத்தில் எழுதினார்கள். மீட்கப்பட்டவர்களின் பெயரைக் கோடிட்டு அடித்தார்கள். சாரின் தாளில் இருந்த எண்ணும் நேரமும் பொறுப்பும் அந்த நோட்டில் வந்துவிட்டன. ஒருவரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை; தேவையே கற்பித்தது. ஹாம்களிடம் இருக்கும் சொத்து செட் மட்டுமல்ல, இந்த ஒழுங்கும்தான் என்பது எனக்கு அன்று உறுதியானது. இந்த ஒழுங்கை முன்கூட்டியே பழகியவர்கள் ஒவ்வொரு நிவாரண அறையிலும் இருக்க வேண்டும்.

செட் விஷயத்திலும் பழக்கம்தான் பேசும். கைக்குள் அடங்கும் செட் பார்வைக் கோட்டில்தான் எட்டும். உயரத்தில், வரும் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் இருந்தால் தூரம் கூடும். ஆனால் அந்த ரிப்பீட்டருக்கும் மின்சாரம் வேண்டும், கோபுரம் நிற்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, டெல்டாவில் பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்களையும் தென்னைகளையும் சாய்த்தது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து சென்னையை எட்ட 7 மெகாஹெர்ட்ஸ் போதும். கையில் 20 மீட்டர் கம்பி, நடுவில் ஊட்டும் கேபிள், ஒரு கார் பாட்டரி. தூர தேசம் பிடிக்க நாங்கள் ஆன்டெனாவை எவ்வளவு உயர்த்தலாம் என்று பார்ப்போம். இங்கே தாழ்வாகக் கட்ட வேண்டும். நாலைந்து மீட்டர் உயரம் போதும். அப்போது அலை ஏறக்குறைய நேராக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்கும். இரவில் அந்த அலைவரிசை உள்ளூருக்குக் கைகொடுக்காமல் போனால் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். புத்தகத்தில் இதைப் படித்துவிடலாம். ஆனால் இருட்டில், மழையில், நனைந்த கையோடு கட்டிப் பார்த்தவருக்குத்தான் அது அன்றைக்குக் கைவரும்.

அரசும் சும்மா இல்லை. புயல் வருகிறதென்றால் இப்போது கைபேசியே அலறி எச்சரிக்கிறது. மாநிலத்துக்கு 1070, மாவட்டத்துக்கு 1077 என்று எண்கள் உண்டு. இவை உயிர் காக்கும் ஏற்பாடுகள். ஆனால் எச்சரிக்கை மேலிருந்து கீழே வருகிறது. புயல் கடந்த பிறகு கீழேயிருந்து மேலே போக வேண்டிய சேதி இருக்கிறதே, எத்தனை பேர், எந்தப் பள்ளிக்கூடத்தில், என்ன மருந்து என்று, அதற்கு அந்த எண்களைச் சுழற்றவும் கோபுரம் வேண்டும். கோபுரம் விழுந்த கிராமத்திலிருந்து கலெக்டர் அலுவலகம்வரை செல்லும் ஒற்றையடிப் பாதையாக ஹாம் நிலையம் இருக்க முடியும். 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக ரேடியோ மாநாடே, பேரிடருக்கு அமெச்சூர் நிலையங்கள் தயாராக இருக்க அரசுகள் வழிசெய்யும்படி ஊக்குவித்தது.

ஆகவே நான் கேட்பது இதுதான். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு தேடிப் பிடிக்க வேண்டிய ஆளாக ஹாம் இருக்கக் கூடாது. மாவட்டப் பேரிடர்த் திட்டத்திலேயே அவர் பெயர், கால்சைன், வந்து உட்கார வேண்டிய மேசை, கம்பி கட்ட வேண்டிய மாடி எல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரு நாள், கலெக்டர் அலுவலகத்தில் கைபேசிகளை அணைத்துவிட்டு, தாலுகாக்களிலிருந்து வரும் செய்திகளை ரேடியோவிலேயே வாங்கிப் பார்க்க வேண்டும். எங்கே அறுகிறது என்பது அன்றே தெரிந்துவிடும். சரிசெய்ய அவகாசமும் இருக்கும். ஒவ்வொரு பொறியியல் கல்லூரியிலும் ஒரு நிலையம் இருந்தால், அதை இயக்கப் பிள்ளைகள் தாமாகவே வருவார்கள். அந்த நோட்டை எழுதிய மாணவிகளைப் பார்த்தவன் என்பதால் நம்பிச் சொல்கிறேன்.

ஞாயிறு காலையில் ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடும் 'நெட்'டில் இப்போதும் நான் உட்காருகிறேன். அதை நடத்தும் நெட் கண்ட்ரோல் ஊர் ஊராகக் கூப்பிட்டு வருகையைக் குறிப்பார். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் சிலவற்றுக்குப் பதில் சொல்ல ஆளே இல்லை. அடுத்த பெருமழைக்குள் அந்த மாவட்டங்களில் ஒருவராவது தேர்வெழுதி, கம்பி கட்டி, பாட்டரியை ஏற்றி வைத்துக்கொண்டு "நான் இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அதற்காக யார் வந்து கேட்டாலும் சொல்லிக்கொடுக்க நான் தயார்.