கிட்டார் ஆம்ப்புக்கு ஒரு நன்னூல் உரை

நூலாசிரியன் விலக்க வேண்டிய பத்துக் குற்றங்களைப் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் வகுத்து வைத்தார். கூடவே பத்து அழகுகளையும் சொன்னார். அன்றிலிருந்து உரையாசிரியர்கள் எல்லோரும் இதை நூலுக்கு மட்டுமே பொருத்திப் பார்த்து வந்திருக்கிறார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரின் ஆம்ப்ளிஃபயருக்குப் பொருத்திப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஓலையைப் படிக்கவே எண்ணெய் விளக்குத்தான் இருந்தது. மின்சாரமும் முனைவர் பட்டமும் மலிந்துவிட்ட இக்காலத்திலும் இந்த இடைவெளி நிரப்பப்படாமல் கிடப்பது துறைக்கு இழுக்கு. அதை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருத்தம் எவ்வளவு கச்சிதம் என்று தெரிய ரிப்பேர் கடை வாசலில் அரைமணி நேரம் நின்றால் போதும். “சவுண்டே எடுக்க மாட்டேங்குது சார்” என்று ஒருவர் வருவார்: குன்றக் கூறல். “மொதல்ல நல்லாத்தான் இருக்கு, போகப்போக டல்லாயிடுது”: சென்று தேய்ந்து இறுதல். “லைட்டு எரியுது, சத்தம் இல்ல”: நின்று பயன் இன்மை. இவர்களில் யாரும் நன்னூல் படித்தவர்கள் அல்லர். இருந்தும் இலக்கணம் பிசகாமல் புகார் சொல்கிறார்கள்.

ஓரிடத்தில் மட்டும் நூலும் ஆம்ப்பும் பிரிகின்றன. நூலில் குற்றம் குற்றமே. ஆம்ப்பில் குற்றத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதுவும் கூடுதல் குற்றத்துக்குக் கூடுதல் காசு. நக்கீரர் கையில் ஒரு கிட்டாரைக் கொடுத்திருந்தால் திருவிளையாடலில் ஒரு படலம் குறைந்திருக்கும். ஆகவே ஆம்ப்பை ஆராய்கிறவர் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, எதிரே இருப்பது வழுவா, வழுவமைதியா என்பதே. இது தெரியாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பது பாவம்.

மிகைபடக் கூறல்

வால்வானாலும் டிரான்சிஸ்டரானாலும் எதற்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குமேல் பெருக்கச் சொன்னால் அலையின் உச்சியும் அடியும் தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில், வாசித்த சுரத்தோடு வாசிக்காத மேல்சுரங்களும் வந்து ஒட்டிக்கொள்ளும். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை நடத்திவிட்டு ஆம்ப் செய்ய வந்தவர் லியோ ஃபெண்டர். அவரைப் பொறுத்தவரை இது சந்தேகத்துக்கு இடமில்லாத குற்றம். ஒலி தெளிவாக வர வேண்டும் என்றுதான் மாதிரிக்கு மேல் மாதிரியாகத் திருத்திக்கொண்டே போனார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பதும் இங்கே குறிக்கத்தக்கது. இலக்கணம் செய்கிறவர் கவிஞராகவும் இருந்தாக வேண்டும் என்று எங்கும் விதி இல்லை.

வழக்கு வேறு திசையில் போயிற்று. 1951இல் ஐக் டர்னரின் குழு ‘ராக்கெட் 88’ பாட்டைப் பதிவுசெய்ய மெம்ஃபிஸுக்குப் போன வழியில் கிட்டார்க்காரர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப் அடிபட்டது. காரிலிருந்து விழுந்தது என்பர் ஒரு சாரார். மழையில் நனைந்தது என்பர் மற்றொரு சாரார். இரண்டு பாடமும் கொள்ளத்தக்கனவே. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கெட்டுப்போயிருந்தது. ஒலிப்பதிவாளர் சாம் ஃபிலிப்ஸ் அதில் காகிதத்தைத் திணித்து, கரகரத்த குரலை அப்படியே பதிவுசெய்துவிட்டார். பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அந்தக் கரகரப்பைத்தான் முதலில் எழுதுகிறார்கள்.

தற்செயலாக நடந்ததைப் பின்னால் வந்தவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள். லிங்க் ரே 1958இல் வந்த ‘ரம்பிள்’ இசைத்துண்டின் கரகரப்புக்காகத் தன் ஆம்ப்பின் ஸ்பீக்கரில் ஓட்டை போட்டார். லண்டனில் ‘கிங்க்ஸ்’ குழுவின் டேவ் டேவிஸ் தன்னுடைய சின்ன ஆம்ப்பின் கூம்பைச் சவர பிளேடால் கீறினார். 1964இல் ‘யூ ரியலி காட் மீ’ அந்தக் கீறலோடு வெளிவந்தது. நாஷ்வில்லில் நடந்தது இன்னும் சுவை. 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாட்டில், ஒலிப்பதிவு மேஜையின் ஒரு சேனல் கெட்டு, பேஸ் கிட்டார் நடுவில் தேனீயாக ரீங்கரித்தது. நீக்காமல் விட்டார்கள். கேட்டவர்கள் அதுவே வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டு அந்தப் பழுதை ஒரு பெட்டிக்குள் அடைத்து, காலால் மிதிக்க ஒரு சுவிட்சும் வைத்து, ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

இதே காலத்தில் மேற்கு லண்டனின் ஹான்வெல்லில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ்காரர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அமெரிக்க ஆம்ப்பின் விலை அந்த ஊர்ப் பையன்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அவரும் அவருடைய ஆட்களும் ஃபெண்டரின் ‘பேஸ்மேன்’ ஆம்ப்பைப் பிரித்துப்பார்த்து, உள்ளூரில் கிடைத்த சாமான்களைப் போட்டு ஒன்று செய்தார்கள். பேஸ் கிட்டாருக்காகப் பிறந்த சர்க்யூட், சாதாரணக் கிட்டாரைச் செருகியதும் சீறியது. முதல்நூல் ஃபெண்டருடையது, வழிநூல் மார்ஷலுடையது. வழிநூலில் ஆசிரியர் தாமாகச் சில வேறுபாடுகள் செய்துகொள்ளலாம் என்று நன்னூலாரே இடம் கொடுத்திருப்பதால் காப்புரிமைச் சிக்கலுக்குள் இக்கட்டுரை நுழையவில்லை.

வாங்கும் இயல்

வாட் கணக்கில் உலகமே ஏமாறுகிறது. 100 வாட் ஆம்ப், 10 வாட் ஆம்ப்பைவிடப் பத்து மடங்கு சத்தம் போடும் என்று நினைத்துக்கொண்டு ஆள் கடைக்குப் போகிறார். காதுக்கு அந்த வாய்ப்பாடு தெரியாது. பத்து மடங்கு வாட்டுக்கு அது ஒப்புக்கொள்வது சுமார் இரண்டு மடங்கு சத்தத்தைத்தான். 50 வாட்டை விற்று 100 வாட் வாங்கினால் கூடுவது 3 டெசிபெல். அதே 3 டெசிபெல்லை, கூடுதல் திறனுள்ள ஸ்பீக்கர் ஒன்றை மாற்றியும் பெறலாம். ஆனால் ஸ்பீக்கரை மாற்றியதை நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட முடியாது.

வீட்டில் வாசிக்கிறவருக்கு இதனால் இன்னொரு சங்கடம். மிகைபடக் கூறலின் அழகு முழுதாக வெளிப்பட வால்வை அதன் எல்லைவரை தள்ள வேண்டும். ‘வாக்ஸ் ஏசி30’ வெறும் 30 வாட்தான். எல்லையில் வைத்தால் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு மூன்றும் வாசலுக்கு வரும். தாழ்த்தி வைத்தாலோ எதற்காக வாங்கினோமோ அந்தக் குற்றம் வராது. 5 வாட் வால்வு ஆம்ப்பே அறைக்கு அதிகம் என்பது இக்கட்டுரையின் துணிபு. கரகரப்பே வேண்டாம், தெளிவுதான் வேண்டும் என்கிறவருக்கு 1975இலேயே ரோலண்ட் நிறுவனம் டிரான்சிஸ்டரில் ‘ஜாஸ் கோரஸ் 120’ செய்துவைத்திருக்கிறது. எடையைப் பற்றிக் கடைக்காரர் பேச மாட்டார். ஏசி30 போன்ற பெட்டிகள் 30 கிலோவை ஒட்டி வரும். லிஃப்ட் இல்லாத மாடியில் குடியிருப்பவர் இதை இசையறிவுக்கு முன்பே யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த ஆம்ப் என்றால் பின்பக்கத்தைப் படிக்காமல் பிளக்கைச் செருகக்கூடாது. அது 120 வோல்ட்டுக்குப் பிறந்தது, நம் சுவர் 230 கொடுக்கும். ஃபியூஸ் போவது நல்வினை. போன ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுருட்டி வைப்பவருக்கு இந்நூலில் விதி இல்லை.

வெற்றெனத் தொடுத்தல் முதலியன

பாட்டு இல்லாதபோதும் ஆம்ப் ‘உம்ம்ம்’ என்று தொடுத்துக்கொண்டே இருந்தால் வெற்றெனத் தொடுத்தல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்தச் சுருதி ஏறக்குறைய ஜி. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸோ பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் இடையே அகப்படாமல் நிற்கிறது. நம் ஆம்ப்புகள் சுருதியோடு இரைகின்றன என்று பெருமை கொள்ள வாய்ப்பிருந்தும் நம்மவர் யாரும் கொள்ளவில்லை. கீழ் ஸ்தாயியில், 50இல் இரைந்தால் பெரும்பாலும் ஒயர், பிக்கப், எர்த் என்று வெளியே தேட வேண்டும். ஒரு ஸ்தாயி மேலே, 100இல் இரைந்தால் உள்ளே மின்சாரத்தைச் சமன்படுத்தும் கண்டன்சர்கள் வறண்டிருக்கும். சுருதி ஞானம் இல்லாதவர் வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருப்பலாம். சத்தம் போய்விட்டால் கோளாறு வால்யூமுக்கு முன்னே, போகாவிட்டால் பின்னே. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கவலை வேண்டாம், தொடுகிறவர் உடம்பே கவசமாகிறது. தொட்டதும் கூடினால் உடனே கையை எடுத்துவிட்டு எர்த்தைப் பார்க்க வேண்டும்.

இரைச்சல் போக எர்த் பின்னை உடைத்துவிடும் வைத்தியம் எங்கும் உண்டு. இரைச்சல் போகவும் செய்யும். ஆனால் 1972இல் வேல்ஸின் ஸ்வான்சீ மேடையில் ‘ஸ்டோன் தி க்ரோஸ்’ குழுவின் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்துபோனார். இந்த ஒரு விதியில் மட்டும் கட்டுரையாளருக்கு வேடிக்கை இல்லை. வால்வு ஆம்ப்பின் முதுகைத் திறப்பவருக்கும் அதேதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

சென்று தேய்ந்து இறுதலுக்கு ஒரு வழக்கமான குற்றவாளி உண்டு. பெரும்பாலோர் அவனைச் சந்தேகிப்பதே இல்லை. பல ஆம்ப்புகளின் பின்பலகையில் ‘சென்ட்’, ‘ரிட்டர்ன்’ என்று இரண்டு துளைகள் இருக்கும். ரிட்டர்னுக்குள் இரண்டு சிறு தகடுகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். எதையும் செருகாதபோது ஒலி அந்தத் தொடுகை வழியாகத்தான் கடந்து போகிறது. யாரும் எதையும் செருகாததால் தகடுகள் வருஷக்கணக்கில் தேய்க்கப்படாமல் கறுத்துக் கிடக்கும். குரல் மங்கும், ஓங்கி அடித்தால் திரும்பும், மறுபடி மங்கும். ஆம்ப்பின் உரிமையாளர் வால்வு மாற்றுவார், ஸ்பீக்கர் மாற்றுவார், கடைசியில் ஆம்ப்பையே மாற்றுவார். சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்குச் சின்ன ஒயர் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் விஷயம் முடிந்தது. குரல் வந்துவிட்டால் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, பின்னைச் செருகிச் செருகி எடுத்தால் போதும். சூடேறியதும் நின்று, ஆறியதும் பாடுவது வேறு ரகம். அது டிரை சால்டர், ரிப்பேர்க்காரர் கைக்குப் போக வேண்டியது.

நின்று பயன் இன்மைக்கு மலிவானதிலிருந்து தொடங்குவது மரபு: ஒயர், கிட்டாரின் வால்யூம், ஸ்டாண்ட்பை சுவிட்ச், ஸ்பீக்கர் பின். கிட்டாரின் வால்யூம் பூஜ்யத்தில் இருந்தது தெரிந்தால் அதை வெளியே சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஸ்பீக்கர் பின் கழன்றிருந்தால் உடனே ஆம்ப்பை அணைக்க வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பை வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியலாம்.

கூறியது கூறல் என்பது ஃபீட்பேக். ஸ்பீக்கரின் சத்தம் தந்தியை அசைக்க, தந்தியின் அசைவு மறுபடி ஆம்ப்புக்குள் போகும். ‘பீட்டில்ஸ்’ 1964இல் ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாட்டை அதைக் கொண்டே தொடங்கியதால் அழகுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. ஆனால் கிட்டாரே செருகாமல் ஆம்ப் தானாக ஊளையிட்டால் அழகன்று. பென்சிலால் வால்வுகளைத் தட்டினால் எது ஸ்பீக்கரில் ‘டங்’ என்று பதில் சொல்கிறதோ அதை மாற்ற வேண்டும். ஆம்ப்பில் ரேடியோ நிலையம் கேட்டால் மற்றொன்று விரித்தல். கவசம் சரியில்லாத நீள ஒயர்தான் பெரும்பாலும் ஏரியல். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றின் ஒயர் தலைமாறியிருந்தால் மாறுகொளக் கூறல். ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்க, அடித்தொனி காணாமல் போகும். 

புறனடை

மேற்கூறிய எதிலும் அடங்காத ஒரு நோய் தமிழ்நாட்டு வீடுகளில் உண்டு. கடையில் வைத்தால் ஆம்ப் ஒழுங்காகப் பாடும், வீட்டுக்கு வந்தால் ‘ஸ்ஸ்ர்ர்’ என்று கொதிக்கும். கடைக்காரர் இரண்டாம் முறையும் “ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் இருக்கு” என்று திருப்பிக் கொடுப்பார். நோய் ஆம்ப்பில் இல்லை, சுவரில் இருக்கிறது. ஃபேனின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்க, மின்சார அலையை ஒவ்வொரு அரைச்சுற்றிலும் வெட்டுகிறது. அந்த வெட்டின் கூர்மையை ஒற்றைக் காயில் பிக்கப் அப்படியே கேட்டுவிடும். அலையை வெட்டித்தரத்தான் கிட்டார்க்காரர் ஆயிரக்கணக்கில் செலவழித்தார். ரெகுலேட்டர் இலவசமாக வெட்டித் தருவதை மட்டும் அவர் ஏற்பதில்லை.

பழைய பெட்டி ரெகுலேட்டர் சூடாகும், மின்சாரத்தைத் தின்னும், ஆனால் அலையை வெட்டாது. அது கிடைக்காதவர்களுக்கு இரண்டு வழி. ஃபேனை ஐந்தில் வைத்தால் வெட்டு அநேகமாக நின்றுவிடும், ஆனால் நோட்டுத் தாள் பறக்கும். அணைத்துவிட்டால் இரைச்சல் அறவே போகும், மே மாதத்தில் வாசிப்பவரும் கூடவே போவார். இவற்றுள் எதைக் கொள்வது என்பது கரண்ட் பில் யார் கட்டுகிறாரோ அவர் வாய்க் கேட்டு முடிவுசெய்ய வேண்டியது.