காரப்பொடித் தேற்றம்: பழவேற்காட்டுக் குப்பங்களின் சட்டியும் கேளிக்கையும் குறித்து ஓர் ஆய்வு

பழவேற்காடு ஏரி பரப்பில் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. ஆழத்தில் அதற்கு ஒரு பதக்கமும் கிடையாது. பல இடங்களில் இடுப்புத் தண்ணீர்தான். பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடந்தாலும், சமையல் நுட்பம் மொத்தமும் தென்கோடியில், திருவள்ளூர் மாவட்டக் குப்பங்களில் தங்கிவிட்டதாக இவ்வாய்வு கருதுகிறது. ஆய்வாளர் தென்கரையில் மட்டுமே சாப்பிட்டார் என்பது முடிவை எவ்விதத்திலும் பாதிக்கவில்லை.

கையில் காசில்லாதவர் உடம்புக்கு நல்லதாகத் தின்று சந்தோஷமாகவும் இருப்பது எப்படி? நகரத்து நிபுணர்கள் ஓட்ஸ், சியா விதை, ஆலிவ் எண்ணெய் என்று விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே விடை அலுமினியச் சட்டியில் கொதிக்கிறது. அதற்குத் தேற்ற வடிவம் கொடுத்தது மட்டுமே நம் பங்களிப்பு.

தேற்றம் வருமாறு: ஒரு மீன் எவ்வளவு தூரம் பயணம் போகிறதோ அவ்வளவுக்கு அதன் விலை ஏறும், பிடித்தவர் வீட்டுச் சட்டியில் அது விழும் வாய்ப்பு அவ்வளவுக்குக் குறையும்.

நிறுவல். சேற்று நண்டு கொடுக்கு கட்டப்பட்டு, உயிரோடு சென்னை போய், விமானம் ஏறிச் சிங்கப்பூரில் இறங்குகிறது. அதைப் பிடித்தவருக்குப் பாஸ்போர்ட் இருப்பது அபூர்வம். கொடுக்கு ஒடிந்ததோ, ஓடு மாற்றி உள்ளே தண்ணீராய் இருப்பதோ ஏற்றுமதிக்கு ஆகாது. அது நண்டு ரசமாகி உள்ளூர்ச் சளியைத் தீர்க்கிறது. பெரிய இறால் தரம் பிரிபட்டு ஐஸ் பெட்டிக்குப் போகிறது. வலையோ படகோ இல்லாமல், தண்ணீரில் அமிழ்ந்து கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களிடமும் பெரியது விற்பனைக்கு, பொடி வீட்டுக்கு.

மிஞ்சுவது காரப்பொடி. விரல் நீளம், வெள்ளிப் பளபளப்பு, உடம்பெல்லாம் முள். எந்த விமானமும் இதற்கு இருக்கை ஒதுக்காது. களப்பணியின்போது ஆய்வாளர் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் அடுக்குவதைக் கண்ட ஆயா ஒருவர், "இன்னா சார், முள்ள துப்பிட்டு இன்னாத்த துன்ற? மொறுமொறுன்னு வறுத்துக் குடுத்தா முழுசா மென்னு முழுங்கணும்" என்றார். ஊட்டச்சத்து இயல் இதைத்தான் நீட்டி எழுதுகிறது: முள்ளோடு தின்னும் சிறுமீனில் சுண்ணாம்புச் சத்து பாலைவிட அதிகம். ஆக, காசுள்ளவர் சதையைத் தின்கிறார், இல்லாதவர் முள்ளையும் தின்கிறார். யார் எலும்பு கெட்டிப்படும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

நல்ல சரக்கு ஊரைவிட்டுப் போவது இங்கே புதிதல்ல. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியதே துணி வாங்கிப் போகத்தான். மலாய்க்காரர்கள் இன்றும் உடுத்தும் 'கைன் பெலிக்காட்' கைலி இவ்வூர்ப் பெயரைத்தான் சுமக்கிறது. டச்சுக்காரர்கள் காரப்பொடியை ஏற்றுமதி செய்ததாகத் தகவல் இல்லை.

அளவைகள் குறித்து ஒரு விளக்கம். இங்கே சிறுமீனின் அலகு கூறு. கிராமுக்கும் அதற்கும் உறவில்லை. விற்பவரின் மனநிலை, வெயில், மீதமுள்ள சரக்கு ஆகியவற்றின் சார்பு அது. கூறின் மேல் விழும் கூடுதல் பிடி கொசுறு. கேட்காமல் வந்தால் அன்பு, கேட்டு வந்தால் உரிமை. கொசுறை மட்டும் வைத்து ஒரு குடும்பம் ஒரு வேளை ஓட்டலாம் என்ற துணைத் தேற்றத்தை மெய்ப்பிக்க ஆய்வாளர் முயன்றார்; கடைக்காரம்மா ஒத்துழைக்கவில்லை.

மற்றச் செலவுகள் சுருக்கமானவை. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆடி மாதம் அம்மன் கோயிலில் அது கூழாக ஊற்றப்படும்போது செலவு பூஜ்யம், மேளம் கூடுதல். தொட்டுக்கொள்ளக் கருவாடு. ஒரு நிபந்தனையை மட்டும் மறைக்கக் கூடாது: கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் மணல் மூடாமல் இருக்க வேண்டும். மூடினால் மீனும் இறாலும் உள்ளே வருவது நின்றுபோகும். தேற்றமும் சட்டியும் ஒன்றாகக் காயும்.

இனி கேளிக்கை. குளிர்காலத்தில் வரும் பூநாரைகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் கார் எடுத்து, கேமரா சுமந்து வருகிறார்கள். குப்பத்துப் பிள்ளைகள் கார்களையும் கேமராக்களையும் பார்க்கிறார்கள். இரு தரப்புக்கும் திருப்தி.

ஆனால் நாட்டிலேயே செலவு மிகுந்த வாணவேடிக்கை இவர்களுடையது. ஸ்ரீஹரிகோட்டாவில் 1979 முதல் செயற்கைக்கோள் ஏவும் ராக்கெட் கிளம்புகிறது. அங்கே 2019இல் திறந்த பார்வையாளர் கூடத்துக்கு முன்பதிவு வேண்டும். சுமார் 35 கிலோமீட்டர் தெற்கே, லைட்ஹவுஸ்குப்பம் மணலுக்கு வேண்டாம். ஒளி உடனே வரும், ஒலி ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கழித்து வரும். கைதட்டி முடித்து, சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்கும்போது கடல் பக்கமிருந்து உறுமல் கேட்கும். காசு கொடுத்துப் பார்க்கும் எந்தத் திரையரங்கிலும் படம் முடிந்தபின் சத்தம் வருவதில்லை.

இது இலவசம் என்று முதல் வரைவில் எழுதப்பட்டிருந்தது. மறுபரிசீலனையில் அந்தச் சொல் நீக்கப்படுகிறது. ராக்கெட் கிளம்பும் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. ஆக நுழைவுச்சீட்டின் விலை, ஒரு நாள் கடல் வருமானம்; பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வசூலாகிவிடும். சந்திரயான்-2, 2019 ஜூலை 15 அதிகாலை கிளம்ப 56 நிமிடம் இருக்கையில் நிறுத்தப்பட்டு, 22ஆம் தேதி பிற்பகலில்தான் போனது. ஒரே காட்சிக்குச் சீட்டு இரண்டு முறை. முதல் முறை படமே ஓடவில்லை. பணத்தைத் திருப்பித் தரும் கவுன்ட்டர் எந்தக் குப்பத்தில் இருக்கிறது என்பது அடுத்த கட்ட ஆய்வுக்கு ஒதுக்கப்படுகிறது.