மூக்கில் ஒரு பட்டன்

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் காருக்கென்று கட்டிய கேரேஜில் கார் நிற்பது அபூர்வம். பழைய சோபா நிற்கும், புல்வெட்டும் யந்திரம் நிற்கும், கிறிஸ்துமஸ் மரம் வந்த அட்டைப்பெட்டி நிற்கும். சில கேரேஜ்களில் ஆளுயர மரப்பெட்டி ஒன்று நிற்கும். அதன் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையில் இன்ச் டேப்போடு நிற்பார். ஒஹையோவில் இருப்பவரும் டெக்சஸில் இருப்பவரும் ஒரே அச்சுதான். இந்த ரகத்துக்குப் ‘பலகையார்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

பலகையாரின் இளமை பீட்ஸாக் கடை மூலையில் கழிந்தது. 1980-ல் பேக்-மேன், 1981-ல் டாங்கி காங், டிஃபெண்டர், சென்டிபீட் என்று வரிசையாக வந்து இறங்கிய வீடியோ கேம் பெட்டிகளுக்கு 25 சென்ட் காசுகளாகக் கப்பம் கட்டி வளர்ந்தவர். அடுத்த ஆட்டம் யாருக்கு என்பதில் அங்கே தகராறு கிடையாது. திரைக்கு முன்னால் விளிம்பில் ஒரு காசை வைத்துவிட்டால் தீர்ந்தது, நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மாதிரி. அந்தக் காசுகளை மட்டும் சேர்த்து வைத்திருந்தால் இன்று இன்னொரு கேரேஜ் கட்டியிருக்கலாம் என்று அவரே சொல்வார், கொஞ்சம் பெருமையாக.

1997-ல் நிக்கோலா சால்மோரியா என்ற இத்தாலிக்காரர் ‘மேம்’ என்ற மென்பொருளை வெளியிட்டார். பழைய ஆர்கேட் ஆட்டங்களைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் சமாசாரம். வேறு யாராவது என்றால் கீபோர்டைத் தட்டி விளையாடிவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். பலகையாருக்கு அது சரிப்படவில்லை. ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து இழுக்க வேண்டும், பட்டனை ஓங்கிக் குத்த வேண்டும், நின்றுகொண்டே ஆட வேண்டும். அதற்காகப் பெட்டி அடித்தார். பெட்டிக்கு ஒரு கண்ட்ரோல் பேனல் வேண்டும். முக்கால் அங்குல எம்.டி.எஃப். பலகையில் செய்தார். பலகை மொட்டையாக இருந்தால் நன்றாக இருக்குமா? அதன் மேல் ஒட்ட வண்ணப்படம் வேண்டும். அதற்குப் பெயர் ஓவர்லே. பெட்டியும் வயரிங்கும் ஒருவழியாக முடிந்துவிட்டன. ஓவர்லேக்குள் போனவர் வெளியே வந்ததாகத் தகவல் இல்லை.

இந்த ஓவர்லே ஒன்றும் அவர் கண்டுபிடித்தது அல்ல. அசல் பெட்டிகளில் சொரசொரப்பான பாலிகார்பனேட் தகட்டின் பின்பக்கத்தில் படத்தை ஸ்கிரீன் பிரின்டிங் செய்து ஒட்டியிருப்பார்கள். ஆயிரம் பேர் கை வைத்துத் தேய்த்தாலும் மை அழியக் கூடாது. கைக்கும் மைக்கும் நடுவில் தகடு இருக்கும். இவ்வளவு யோசித்தவர்கள் சிகரெட்டை யோசிக்கவில்லை. அந்தக் காலத்து ஆட்டக்காரர் பற்றவைத்த சிகரெட்டைப் பேனல் விளிம்பில் வைத்துவிட்டு ஆடுவார். ஆட்டம் சூடு பிடித்தால் பேனலும் சூடு பிடிக்கும். பழைய பேனல்களில் அந்தக் கருந்தழும்புகளை இன்றும் பார்க்கலாம். பலகையார் அதை விரலால் தடவிப் பார்த்து உருகுவார். அவருடைய பேனல் பக்கத்தில் நீங்கள் ஒரு கோக் டின்னைக் கொண்டுபோய்ப் பாருங்கள், அப்போது தெரியும் அவருடைய இன்னொரு முகம்.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், அவருக்கு எல்லா ஆட்டமும் வேண்டும். பேக்-மேனுக்கு ஒரே ஒரு ஜாய்ஸ்டிக் போதும். ஆஸ்டராய்ட்ஸுக்கு ஜாய்ஸ்டிக்கே கிடையாது, ஐந்து பட்டன்தான். சென்டிபீடுக்கு உருட்ட ஒரு டிராக்பால். டெம்பெஸ்டுக்குத் திருகுகிற ஸ்பின்னர். ரோபோட்ரானுக்கு ஒருவருக்கே இரண்டு ஜாய்ஸ்டிக். 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு ஆளுக்கு ஆறு பட்டன். இத்தனையையும் ஒரே பலகையில் இறக்கினால் அதற்கு ‘ஃபிராங்கன்பேனல்’ என்று பட்டம். பட்டம் கொடுத்தது வெளியாள் இல்லை, இதே கிறுக்குப் பிடித்த சக பலகையார்கள்தான். அந்தப் பேனல் விமானம் ஓட்டுகிற அளவுக்கு அகலமாகிவிடும். அறைக் கதவு வழியாக நுழையாது. அப்போதுதான் கதவின் அகலத்தை முதல்முறையாக அளப்பார்.

இந்தத் துளைக் காட்டுக்கு நடுவே படம் வரைய வேண்டும். படத்தில் என்ன இருக்கும் என்பதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பின்னணியில் நீல வண்ண அண்டவெளி. அதில் மின்னல். வலது மூலையில் நெருப்பு. மேலே மீசைக்கார மாரியோ, கீழே பேக்-மேன், அவரைத் துரத்தும் பேய்கள், நடுவில் நெற்றியில் சிவப்புப் பட்டை கட்டிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் வீரர் ரியூ. ஒருவரையும் விடக் கூடாது. விட்டால் மனம் கேட்காது. மொத்தத்தில் அது கட்சி மாநாட்டு பேனர். நடுவில் தலைவர், ஓரத்தில் வட்டம், கிளை எல்லாரும்.

படத்தைத் திரையில் பார்த்தால் ஜோராகத்தான் இருக்கிறது. அதன் மேல் துளைகளின் வட்டங்களை வைத்ததும்தான் விபரீதம் புரியும். ரியூவின் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது ஆட்டக்காரரின் மூன்றாவது பட்டன். மாரியோவின் வயிற்றில் 3 அங்குல டிராக்பால். ரியூவைச் சற்று இடப்பக்கம் நகர்த்தினால் மூக்கு தப்பிக்கும், கண் போய்விடும். இப்படியே நகர்த்தி நகர்த்திக் கடைசியில் ரியூ பலகையின் விளிம்பில் பாதி முகத்தோடு எட்டிப் பார்ப்பார். அசல் பெட்டி செய்தவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. ஓர் ஆட்டம், ஒரு பேனல். கை எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு அதைச் சுற்றி வரைந்தார்கள். என்னைக் கேட்டால், ஒரே ஆட்டத்துக்குச் செய்த சின்னப் பேனல்தான் பார்க்க அழகு. பலகையாரிடம் இதைச் சொல்லக் கூடாது. சொன்னால் பேக்-மேனுக்கு நாலு திசை ஜாய்ஸ்டிக் ஏன் வேண்டும், எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் திருப்பத்தில் ஏன் தடுக்கும் என்று இரவு பதினொன்று வரை வகுப்பு நடக்கும்.

ரியூவின் படத்தை அவர் இணையத்திலிருந்து எடுத்தார். அகலம் 640 பிக்சல். கதவை அளந்த பிறகு குறுக்கிய பேனலின் அகலம் 24 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் 7,200 பிக்சல் வேண்டும். இருப்பதை இழுத்தால் அங்குலத்துக்கு 27 புள்ளிகூட முழுசாகத் தேறாது. கிட்டத்தில் பார்த்தால் ரியூ இருக்க மாட்டார், கட்டம் போட்ட லுங்கி இருக்கும். ஆகவே எல்லாவற்றையும் வெக்டராகத் திரும்ப வரைய உட்காருவார். எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறடிக்காத கோடு அது. வளைவு வளைவாகப் பேயின் பாவாடை ஓரத்தை வரைந்துகொண்டிருக்கும்போது மனைவி வாசலில் வந்து நின்று, “இன்னும் அதே பேயா?” என்பார். பேய் அல்ல, பேயின் இரண்டாவது மடிப்பு என்று அவர் திருத்துவார். அந்த அம்மாளின் பொறுமையைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

அடுத்தது அச்சுக்கடை. கவுண்டரில் இருக்கும் பையன் படத்தைப் பார்த்துவிட்டு, “சார், இந்த மீசைக்காரரை அச்சடிக்க அனுமதிக் கடிதம் இருக்கா?” என்று கேட்டால் அங்கேயே ஆட்டம் முடிந்தது. கேட்காத கடையாகத் தேடிப் போனால் வேறு வகையில் அடி விழும். திரையில் ஒளியால் வருகிற நீலம், அச்சில் நாலு மையால் வர வேண்டும். அண்டவெளி கத்தரிக்காய் நிறத்தில் வந்து சேரும். திரையில் பளீரென்று எரிந்த பச்சைக்கு அச்சில் பிறப்பே இல்லை. இருட்டாக இருந்த மூலைகள் இன்னும் இருட்டி, அங்கே வரைந்த விண்கலத்தை டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற ஒரு சின்னக் கட்டம் அச்சிடும் திரையில் டிக் அடித்தபடி உட்கார்ந்திருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. படம் 97 சதவீதத்துக்குச் சுருங்கிவிடும். மூன்று சதவீதம்தானே என்று நினைக்கலாம். 24 அங்குலத்தில் ஏறக்குறைய முக்கால் அங்குலம் காணோம். இடக்கோடி பட்டனைச் சரியாகப் பொருத்தினால் வலக்கோடி பட்டன் அரை வட்டத்துக்கு மேல் விலகி நிற்கும். அந்த ரோலைக் குப்பையில் போட மனம் வராமல் கேரேஜ் சுவரில் மாட்டி வைப்பார். நல்ல பலகையாரின் சுவரில் இப்படி மூன்று நாலு தொங்கும்.

ஒட்டுகிற நாள் அவர் வீட்டில் விசேஷ நாள். குழந்தைகள் உள்ளே வரக் கூடாது, மின்விசிறி ஓடக் கூடாது, நாய் கட்டிப் போடப்படும். பலகையில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து, வினைல் தாளை மெல்ல இறக்கி, பழைய கிரெடிட் கார்டால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வழிப்பார். தண்ணீர் எல்லாம் போய்விடும். ஒரு குமிழ் மட்டும் போகாது. இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் எழும்பும். ஊசியால் குத்தினால் அடங்கும், ஆனால் ஊசி குத்திய இடம் அவர் கண்ணுக்கு மட்டும் பள்ளத்தாக்காகத் தெரியும். பிறகு மெல்லிய கத்தியால் ஒவ்வொரு துளையையும் பீட்ஸாத் துண்டுகளாகக் கீறி, மர விளிம்பை ஒட்டி வெட்டி எடுப்பார். கை நடுங்கிக் கோணல் ஆனாலும் கவலையில்லை. பட்டனின் விளிம்பு துளையைவிடச் சற்று அகலம், பாவத்தை மூடிவிடும். இந்தத் தொழிலில் கருணை இருக்கும் ஒரே இடம் அதுதான்.

முடிந்ததும் நம்மை அழைப்பார். நாம் ஆடலாமா என்று கையை நீட்டினால், “முதலில் பாருங்கள்” என்பார். பட்டன்களுக்கு அடியில் ‘சுடு’, ‘தாவு’, ‘உதை’ என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருக்கும். ஆட்டத்துக்கு ஆட்டம் பட்டனின் வேலை மாறும் என்பதால் ‘தாவு’ என்றதை அமுக்கினால் குண்டு வெடிக்கும். அதைச் சுட்டிக்காட்டாதீர்கள். சுட்டிக்காட்டினால் மறுநாளே தாளை உரித்துவிட்டு அடுத்த ஓவர்லேக்கு உட்கார்ந்துவிடுவார். சுட்டிக்காட்டாவிட்டாலும் உட்காருவார், அது வேறு விஷயம். அவர் அந்தப் பெட்டியில் ஒரு முழு ஆட்டம் ஆடி நான் பார்த்ததே இல்லை. அவருக்கு ஆட்டம் ஓவர்லேதான்.

உங்கள் வீட்டிலும் ஒருவருக்கு இந்த ஆசை தொற்றினால் திட்டாதீர்கள், பயன் இல்லை. வினைலுக்குப் பணம் கட்டும் முன் சாதாரணத் தாளில் அசல் அளவில் அச்சடித்து, துண்டுகளை ஒட்டி, பலகை மேல் விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். துளையின் அளவுக்கு அல்ல, பட்டன் விளிம்பின் அளவுக்கு வட்டம் போடச் சொல்லுங்கள். முகங்கள் வட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். ஓரங்களில் அரை அங்குலம் கூடுதலாகப் படம் விடட்டும். அச்சுக்கடையில் ‘100 சதவீதம், சுருக்கக் கூடாது’ என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. தாளில் எழுதிக் கொடுங்கள்.