பதினாறும் பெறுவது எப்படி? தாம்பரம்வாசிகளுக்கு ஒரு கையேடு

முதலில் பஞ்சாங்கத்தை மூடி வையுங்கள். பிள்ளை பெறுவதற்கு நாள் குறித்துக் கொடுக்கும் வேலையை இப்போது தலைவர்களே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, நிறையப் பெறுங்கள் என்று தொடங்கிவைத்தார். சூடு ஆறுவதற்குள் 21ஆம் தேதி திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலில் 31 ஜோடிகளுக்கு அறநிலையத்துறை கல்யாணம் செய்துவைத்தது. தொகுதி மறுவரையறையில் எம்.பி. இடங்கள் குறையுமென்றால் பதினாறு பிள்ளைகளையே பெற்றால் என்ன என்று நினைக்கத் தோன்றுகிறது என அங்கே பேசினார் முதல்வர் மு.க.ஸ்டாலின். அடுத்த மார்ச்சில் நாகப்பட்டினத்தில், உடனே பெற்றுக்கொள்ளுங்கள், தமிழ்ப் பெயர் வையுங்கள் என்றார். நாக்பூரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத் குறைந்தது மூன்று என்று கொஞ்சம் இறங்கி வந்தார். கேரளத்துப் பாலா மறைமாவட்டமோ 2021லேயே, ஐந்தும் அதற்கு மேலும் பெற்றால் மாதம் 1,500 ரூபாய் என்று அறிவித்திருந்தது. திராவிடமும் சங்கமும் சபையும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? இலை உங்கள் செலவு.

அடுத்து, வீடு. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் பார்க்கலாம். வாடகையைக் கேட்பதற்கு முன்பே வீட்டுக்காரர் தலையை எண்ணுவார். "எத்தனை பேர் சார்? நாலு பேருக்கு மேலன்னா தண்ணி பத்தாது. வெயில் காலத்துல லாரிதான்." பதினாறு என்று உண்மையைச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு என்று சொல்லிக் குடிபோய்விட்டு, மீதியை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துங்கள். ஸ்கூட்டரில் முன்னால் ஒருவர், நடுவில் ஒருவர். மூன்றாமவர் வேளச்சேரி சாலையில் ஷேர் ஆட்டோ பிடிக்கப் பழகிக்கொள்ளட்டும்.

மூன்றாவது, பாட்டி. கையேட்டின் உயிர்நாடியே இதுதான், நிதானமாகப் படியுங்கள். பாட்டி நெல்லை எக்ஸ்பிரஸில் விடிகாலை தாம்பரத்தில் வந்து இறங்குவார். ஒரு கையில் கருப்பட்டிப் பை, இன்னொரு கையில் உரைகல். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் முந்தானையில் முடிந்திருக்கும். பேரனுக்கு உரைமருந்து ஊட்டி, குளிப்பாட்டி, தூங்கவைத்து, இடையில் குக்கரை இறக்கி, சாயங்காலம் மகள் ஓ.எம்.ஆரிலிருந்து துரைப்பாக்கம் நெரிசலில் நீந்தி வரும்வரை பார்த்துக்கொள்வார். சம்பளம் கிடையாது, வார விடுமுறை கிடையாது. ஊரில் தனியாகக் கிடக்கும் தாத்தாவுக்குப் போனில் ரசம் வைக்கவும் சொல்லித்தருவார். நாட்டின் குழந்தை பராமரிப்புக் கொள்கை என்று ஒன்று உண்டென்றால், அது இந்த அம்மாதான். இரண்டாவது பிள்ளை எப்போது என்று கேட்டுப் பாருங்கள். "என் முட்டிய கேட்டுச் சொல்லுதேன்" என்பார்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2017 திருத்தத்திலிருந்து 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம். செலவு பெரும்பாலும் முதலாளி தலையில். ஆகவே நேர்முகத் தேர்வில், கழுத்தில் புதுத்தாலியோடு வரும் பெண்ணிடம் "அடுத்து என்ன பிளான்?" என்று சிரித்தபடி கேட்பார்கள். வீட்டுக் கடன் பிளானைக் கேட்கவில்லை. சரி, மூன்றாவது பிள்ளைக்கு? அதே சட்டத்தில் விடுப்பு 12 வாரமாகச் சுருங்கிவிடும். மீதிப் பதின்மூன்றுக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, அடுக்குமாடி வாட்ஸ்அப் குழு. "அவங்க மட்டும் பெத்துத் தள்ளுறாங்க" என்று காலை வணக்கத்தோடு ஒரு செய்தி வரும். பதில் சொல்லத் தோன்றினால் எண்ணோடு சொல்லுங்கள். 1992-93இல் இந்திய முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரி 4.4 பிள்ளைகள், 2019-21இல் 2.36. இந்துக்களில் 3.3 என்பது 1.94 ஆனது. இறங்கும் படிக்கட்டு ஒன்றுதான், சிலர் இரண்டு படி பின்னால் வருகிறார்கள். பெண் படித்த இடத்தில், பிறந்த குழந்தை பிழைத்த இடத்தில், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பிள்ளை குறைகிறது. தமிழ்நாட்டில் 2023 கணக்குப்படி அந்தச் சராசரி 1.3. ஜனத்தொகை குறையாமலிருக்க வேண்டியது 2.1. குழுவிலிருந்து நீக்கப்பட்டால் மனம் தளராதீர்கள், நேரம் மிச்சம்.

இவ்வளவு குறைந்ததற்கு யாரைத் திட்டுவது? ஆளில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தைச் சுவர் சுவராக வரைந்ததே அரசுதான். அதற்கும் முன்னால் பெரியார் கர்ப்பத்தடையைப் பேசினார். நாட்டின் ஜனத்தொகைக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காக. இன்றைய மேடைகளில் யாருக்கும் நினைவுக்கு வராத காரணம் அது. ஜனத்தொகை மெதுவாகப் பெருகியதற்குப் பரிசும் கிடைத்தது. 41ஆக இருந்த நம் மக்களவை இடங்கள் 1967இல் 39 ஆயின. பிறகு 1976இல் எண்ணிக்கையை உறையவைத்தார்கள், 2001இல் 84ஆம் திருத்தத்தால் அதை 2026 தாண்டும்வரை நீட்டித்தார்கள். தொகுதிக் கவலை நியாயமானது. ஆனால் அதைத் தீர்க்க வேண்டிய இடம் நாடாளுமன்றம், பெருங்களத்தூரில் ஒரு தம்பதியின் படுக்கையறை அல்ல.

சிங்கப்பூர் நம்மைவிட முன்னால் இந்தச் சுற்றைச் சுற்றி முடித்துவிட்டது. எழுபதுகளில் இரண்டோடு நிறுத்து என்றது, 1987இல் வசதியிருந்தால் மூன்றும் அதற்கு மேலும் பெறு என்றது. ரொக்கமும் கொடுத்துப் பார்த்தது. 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 பிள்ளை.

கடைசியாக, விண்ணப்பம். ஒரே பெண் குழந்தை இருக்கும் ஏழைக் குடும்பத்துக்கு அரசு அவள் பெயரில் 50,000 ரூபாய் வைப்பு வைக்கும். முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம், 1992இல் வந்தது. நல்ல திட்டம், கட்டாயம் போடுங்கள். இணைக்க வேண்டிய சான்றுகளில் ஒன்றை மட்டும் இந்தக் கையேட்டைப் படித்து முடித்த கையோடு தேடி எடுத்து வையுங்கள்: பெற்றோரில் ஒருவர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டதற்கான சான்று.